ஐம்பது பெட்டைகள்

லக்ஷ்மணன் கோழி வளர்க்கப் படித்துவிட்டு வந்திருந்தார். கூத்தைக் கேளுங்கள்: செல்போனில் ஆறு வாரம் படிப்பு, சர்டிபிகேட்டு வேறு. சென்னையில் பேங்க் வேலை முடிந்து, திருமயத்துக்குப் பக்கத்தில் பூட்டிக்கிடந்த பெரிய வீட்டுக்குத் திரும்பிய மனிதர், முதல் வாரமே கொல்லையில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அழகி, ஒன் கோழியை எல்லாம் இன்னைக்கே வெளியேத்து. ஊர்க் கோழி இருந்தா நோய் வரும்."

ஒன்பது வருஷமாக அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கிக் காத்தவள் அழகி. அவள் குடியிருந்த ஒற்றை அறையில் ஆள் நீட்டிப் படுக்கவே இடமில்லை. இந்தக் கொல்லையை விட்டால் அவள் கோழிகளுக்குப் போக்கிடம் கிடையாது. அதிலும் கருப்பி பன்னிரண்டு முட்டையில் அடைகாத்துக்கொண்டிருந்தது. பதினெட்டு நாள் ஆகியிருந்தது. இடி இடித்தால் முட்டை கலங்கிவிடும் என்று கூடைக்குள் இரும்பாணியும் அடுப்புக்கரியும் போட்டிருந்தாள்.

"மூணே நாளுங்கய்யா. குஞ்சு பொரிச்சிரும்."

"ஆணியைப் போட்டு அடைவைக்கிற ஒனக்கு என்ன தெரியும்? இன்னைக்கேன்னா இன்னைக்கே."

ரெண்டு பஸ் மாறி, ஆவூரில் தங்கச்சி வீட்டுக்குக் கோழிகளையும் அடைக்கூடையையும் கொண்டுபோனாள். வழியில் கருப்பி மிரண்டு எழுந்தது எழுந்ததுதான், மறுபடி உட்காரவில்லை. பன்னிரண்டும் வீண்.

மறுநாள் படித்தவர் ஐம்பது குஞ்சுகளோடு வந்து இறங்கினார். திருக்கோகர்ணத்தில் வண்டியில் விற்றவனிடம் வாங்கினாராம். "அம்பதும் பெட்டை, கேரண்டி!" என்றார்.

வளர்த்தது என்னவோ அழகிதான். பல்பு கட்டி, உமி பரப்பி, நனைந்ததை அன்றாடம் மாற்றி, குஞ்சு விழுந்துவிடாமல் தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு, சொட்டு மருந்து விட்டு, ஒன்றுகூடச் சாகாமல் பார்த்துக்கொண்டாள். குஞ்சுகள் மேல் அவளுக்கு என்ன கோபம்? அதுகள் படிக்கவில்லையே. அவரோ போட்டோ எடுத்துச் சென்னைக்கு அனுப்பிப் பெயர் வாங்கிக்கொண்டார்.

ஐந்தாவது வாரம் கொண்டைகள் சிவந்து தடித்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. பண்ணைக்காரன் வேண்டாமென்று கழித்த சேவல் குஞ்சுகளை வண்டிக்காரன் இந்த மனிதர் தலையில் கட்டிவிட்டான். வாயைத் திறப்பாளா? படிப்பு ஏறிய மண்டையில் இதுவும் தானாக ஏறட்டும் என்று இருந்துவிட்டாள். அவர் முட்டை வைக்க அட்டை வாங்கி அடுக்கியபோது, சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

நான்காம் மாதம் ஒன்று கூவியது. "ஒண்ணு தப்பி வந்திருச்சு" என்றார். அடுத்த வாரம் பத்து கூவின. பிறகு ஐம்பதும். ஒன்றையொன்று கொத்திக் கொல்லையெல்லாம் ரத்தம். தெருவே வந்து சத்தம் போட்டது.

"அழகி, ஒன் கோழிகளைக் கொண்டாந்து விடேன். முட்டைக்கு ஆகும்." குரல் நன்றாக இறங்கியிருந்தது.

"ஊர்க் கோழி இருந்தா நோய் வருமேங்கய்யா."

"அதெல்லாம் ஒண்ணும் வராது, நீ கொண்டா" என்றார்.

"சரி, கொண்டாறேன். ஆனா இவனுக இருந்தா என் கோழியைக் கொத்திக் குதறிருவானுக. எல்லாத்தையும் வெளியேத்துங்க."

"ஒரு மூணு நாள் டயம் குடு. ஆள் வரச் சொல்றேன்."

அழகி விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். அந்தப் பன்னிரண்டு முட்டையும் இன்னும் அவள் கண்ணுக்குள்ளேயே இருந்தன.

"இன்னைக்கேன்னா இன்னைக்கேங்கய்யா" என்றாள்.