இரண்டு இருப்பதாகக் கொள்வோம்

கணிதம் படிக்க என்னை வெளிநாட்டுக்கு அனுப்பியபோது அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வீட்டில் ராத்திரி சாப்பிட உட்காரும்போது நானும் கூட இருக்க வேண்டும். அங்கே ராத்திரி, இங்கே மதியம். வாசிப்பறையின் ஜன்னலோர மேசையில் வீடியோவைப் போட்டுவிட்டு நான் கணக்கோடு மல்லுக்கட்டுவேன். அங்கே அம்மா சாப்பாட்டு மேசையில் என் இடத்தில், தண்ணீர்ச் சொம்பின் மேல் போனைச் சாய்த்து வைப்பாள். எதிரே அம்மாவும் அப்பாவும் தெரிவார்கள். என் நாற்காலி போனுக்குப் பின்னால் இருக்கும். அதில் விருந்தாளியைக்கூட அவள் உட்காரவிடுவதில்லை.

படிப்பு ஊற்றிக்கொண்டாலும் போய் உட்கார அந்த நாற்காலி இருக்கிறது என்பதுதான் என்னுடைய ஒரே தெம்பு. ஊற்றிக்கொள்ளும் போலத்தான் இருந்தது.

அந்த வாரம் எங்கள் பேராசிரியர் ஒரு நிரூபணம் நடத்தினார். போட்டிருக்கும் கோட்டெல்லாம் சுண்ணாம்புத்தூள் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சாக்பீஸ். விடை ஒன்றே ஒன்றுதான் என்று காட்ட வேண்டுமா? இரண்டு இருப்பதாகக் கொள். பிறகு இரண்டும் ஒன்றே என்று காட்டு. அவ்வளவுதான். பலகையில் விடைக்கு ஒன்றாக இரண்டு எழுத்து எழுதியிருந்தவர், முடித்ததும் ஒன்றை உள்ளங்கையால் அழித்தார்.

"சார், ஏன் அதை அழிச்சீங்க? இதை அழிச்சிருக்கலாமே?" என்றேன்.

"எதை அழிச்சா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

அன்று மதியம் அந்தக் கணக்கையே முறைத்துக்கொண்டிருந்தேன். அம்மா என்ன கேட்டாலும் "ம்" என்பதோடு சரி.

"வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா? இன்னும் கொஞ்சம் போடவா?" என்றாள் அம்மா.

நான் வாயைத் திறக்கும் முன்பே போனுக்குப் பின்னாலிருந்து "ம்" என்று கேட்டது. என் குரல். நெட்வொர்க் கோளாறு, எதிரொலிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். படித்தவளுக்குச் சமாதானமா கிடைக்காது!

மறுநாள் அம்மாவின் கரண்டி திரைக்கு மேலாகப் போய் வெறுமையாகத் திரும்பியது. யாரோ தட்டை இழுத்துக்கொள்ளும் சத்தம். அப்பா ஏதோ சொல்ல, என் சிரிப்பு பின்னாலிருந்து கேட்டது. நான் சிரிக்கவில்லை. அம்மா என்னைப் பார்க்கவும் இல்லை. அவள் கண் எனக்குச் சற்று மேலே, என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் முகம் இருக்கும் உயரத்தில் நின்றது.

"யாரும்மா அங்க? போனைத் திருப்பு."

"சாப்பிடற புள்ளைய யாராவது படம் புடிப்பாங்களா?" என்றாள் அம்மா.

தம்பி தங்கை எனக்குக் கிடையாது. அந்த வீட்டில் பிள்ளை என்றால் அது நான்தான்.

அடுத்த நாள் வகுப்பு முடிந்ததும் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டேன். "ரெண்டும் ஒண்ணு இல்லைன்னு எப்படி சார் காட்டறது?"

"ஒரே ஒரு வித்தியாசத்தைக் காட்டினா போதும்" என்றார்.

ஓட்டமும் நடையுமாக வாசிப்பறைக்கு வந்து அழைத்தேன். என் குரலைத் திருடலாம், சிரிப்பைத் திருடலாம். யாருக்குமே தெரியாத ஒன்று என்னிடம் இருந்தது.

"அம்மா, கிளம்பின அன்னிக்கு நான் பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு என்ன சொன்னேன்? அவளையே கேளு. தெரியாது அவளுக்கு!"

அம்மா நிமிர்ந்து, எனக்கு மேலே பார்த்தாள்.

"'நான் போகமாட்டேன், போகமாட்டேன்'னு சொல்லி அழுதேம்மா" என்றது பின்னாலிருந்து என் குரல். சொற்கள் பிசகவில்லை. அன்று எனக்கு வந்த விக்கல்கூட அதில் இருந்தது.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அட கிறுக்கி. அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"அதான் போகலையேம்மா."

அப்பா எட்டி, போனுக்குப் பின்னால் யார் தலையையோ தடவிக் கொடுத்தார். நான் "அம்மா! அம்மா!" என்று கத்தினேன். வாசிப்பறையில் எல்லோரும் திரும்பினார்கள். அந்தக் கூட்டத்தில் அந்தச் சொல் யாருக்கும் புரியாது.

அம்மா மட்டும் திரும்பினாள். அன்று முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பயம் இல்லை. வழி தப்பி வந்த பிள்ளையைப் பார்ப்பது போல இரக்கம்தான் இருந்தது.

"பாவம், யாரு பெத்த புள்ளையோ, தினமும் இந்த நேரத்துக்கு வந்துடுது" என்றாள் அப்பாவிடம். பிறகு திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். "வேளாவேளைக்குச் சாப்பிடும்மா. உங்க அம்மாகிட்டயும் கொஞ்சம் பேசு, ஏங்கிப் போயிருப்பாங்க."

அவள் உள்ளங்கை வந்து திரையை மூடியது.