டிஸ்க்கை அழிக்கலாமா?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சிரிப்புக் கதை எழுதத்தான் உட்கார்ந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ் மாடிக்கடையில் விமலன், சாகக் கிடக்கும் லேப்டாப்களில் பழைய சிஸ்டத்துக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலகுவான இயங்குதளத்தை ஏற்றி ஓடவைப்பவன். கிண்டலடிக்கத் தோதான ஆள். முதல் வரிகூட வைத்திருந்தேன்: 'விமலன் கடையில் கம்ப்யூட்டரைவிட மின்விசிறிக்குத்தான்—'

அதற்குள் கிள்ளானிலிருந்து தனலெட்சுமி ஒரு பழைய லேப்டாப்போடு படியேறி வந்துவிட்டாள்.

2

அவள் மகன் கிஷன், வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய் மோசடிக் கும்பலிடம் மாட்டிக்கொண்டவன். போனைப் பிடுங்கிவிட்டார்கள். காவலாள் அசந்தால் அங்குள்ள கம்ப்யூட்டரிலிருந்து அம்மாவுக்கு வீடியோ கால் போடுவான். இந்த லேப்டாப்பில் அவனே திறந்து கொடுத்த கணக்குக்குத்தான் கால் வரும். பாஸ்வேர்டு அவனுக்கு மட்டுமே தெரியும். கால் வந்தபோதெல்லாம் மெஷின் திணறி, மகன் முகம் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

[பாஸ்வேர்டு என்னவென்று அவனையே கேட்டு அந்தக் கணக்கில் எழுதினால் போதாதா? எழுதினாள். அதை யார் படித்தார்களோ, அதற்குப் பிறகு காலே வரவில்லை.]

3

விமலன் பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிக் காட்டினான். தேவையில்லாததை எல்லாம் கழற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, திரை நடுவில் ஒரே ஒரு பட்டன் வைத்து 'கிஷன்' என்று தமிழில் எழுதியிருந்தான்.*

"எவ்ளோ வேகமா இருக்கு தம்பி! பையன் முகம் ஸ்டக் ஆகாதுல்ல?"

"ஆகாது ஆன்டி. ஆனா இது சும்மா டெஸ்ட் லா. நிஜமா ஏத்தணும்னா டிஸ்க்கை அழிக்கணும். பையன் போட்ட லாகினும் போயிடும். அப்புறம் கால் வராது."

"பழசையே வச்சிக்கிட்டா?"

"வரும். மறுபடி ஸ்டக் ஆகும்."

"ரெண்டையும் வச்சிக்க முடியாதா?"

"வைக்கலாம் ஆன்டி. கால் பழசுலதான் வரும்."

* அதை அமுக்கினால் பாஸ்வேர்டு கேட்கிறது. அவள் அமுக்கிப் பார்த்தாள். விமலன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

4

நான் எழுதிய முதல் முடிவில் கிஷனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், விமான நிலையத்தில்— அந்த வரியை அடித்துவிட்டேன். எனக்கே நம்பிக்கையில்லை.

இரண்டாவதில் அவள் "அழிச்சிடுங்க தம்பி" என்கிறாள். அந்தக் குரலை என்னால் எழுத முடியவில்லை.

"நீங்களே சொல்லுங்க தம்பி," என்றாள். விமலன் என்னைப் பார்த்தான். நான் உங்களைப் பார்க்கிறேன்.

சீக்கிரம் சொல்லுங்கள். நாம் யோசித்துக்கொண்டிருக்கும் இந்த நேரம் முழுக்கப் பென்டிரைவ் லினக்ஸ்தான் ஓடுகிறது, பழைய சிஸ்டம் அணைந்தே கிடக்கிறது. கிஷன் இப்போது கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது.