ஆறு அடி தண்ணீர்

பிரெஸ்ட் துறைமுகத்தின் ரெகூவ்ரான்ஸ் தெருவில் நான் நடந்து போனால் பெண்கள் வாசலுக்கு ஓடி வருகிறார்கள். ஒருத்தி முட்டை கொடுக்கிறாள், ஒருத்தி உப்பு வெண்ணெய் கொடுக்கிறாள். எங்க வீட்டு மனுஷன் உசுரோட திரும்பினது உங்களாலதான் மேஸ்திரி என்கிறார்கள். வாங்கிக்கொள்கிறேன். வேண்டாமென்றால் ஏன் என்று கேட்பார்களே, அதற்கு என்ன பதில் சொல்வது? என் மனைவி பெரீன் அந்த வெண்ணெயை ரொட்டியில் தடவி என் முன்னால் வைப்பாள். மென்றுகொண்டே இருப்பேன், தொண்டையில் இறங்காது. பல்வலியா என்று கேட்பாள். ஆமாம் என்பேன். இரண்டு வருஷமாக எனக்குப் பல்வலி.

என் பெயர் கூல்வென் லெ இர். சேன் கொரெந்தேன் என்ற எழுபத்துநாலு பீரங்கிப் பிரெஞ்சுப் போர்க்கப்பலில் தலைமைத் தச்சனாக இருந்தேன். அந்தக் கப்பல் இன்று இங்கிலீஷ்காரனின் கொடியைக் கட்டிக்கொண்டு மிதக்கிறது. அது அவன் கைக்குப் போனது என்னால். இதைத் தெரிந்தவன் இன்னொருவன் மட்டும்தான். பம்புக்காரர்களின் தலைவன் கொஸ்கேர். அவன் செத்தாலும் சொல்லமாட்டான். ஏன் சொல்லமாட்டான் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சண்டை நடக்கும்போது பீரங்கிக்காரர்கள் மேலே புகையில் நின்று சுடுவார்கள், பெயர் வாங்குவார்கள். தச்சர்கள் நாங்கள் தண்ணீர் மட்டத்துக்கும் கீழே, ஒரு ஆள் குனிந்து போகிற சந்தில், கொழுப்புத் தடவிய மரக்கட்டைகளையும் சம்மட்டியையும் வைத்துக்கொண்டு காத்திருப்போம். குண்டு பலகையைத் துளைத்தால் அந்த ஓட்டையில் கட்டையை வைத்து அடிக்க வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை தண்ணீரையும் அளக்க வேண்டும். நடுப் பாய்மரத்தின் அடியில் இடப்பக்கம் ஒரு குழி, வலப்பக்கம் ஒரு குழி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பம்பு. கசிகிற தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து சேரும். கயிற்றில் கட்டிய இரும்புக் கம்பியைத் துடைத்து, சுண்ணாம்பு பூசி உள்ளே இறக்கினால் எவ்வளவு நனைந்திருக்கிறதோ அவ்வளவு தண்ணீர். கப்பல் நேராக நின்றால் ஒரு குழியைப் பார்த்தால் போதும். சாய்ந்து நின்றால் இரண்டையும் பார்த்து நடுவை எடுக்க வேண்டும். இது தச்சு வேலைக்கு வருகிறவன் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற விஷயம். அதிகாரிகளுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்களுக்கு வேண்டியது ஒரு எண்.

அந்த எண்ணை உரக்கச் சொல்லக்கூடாது என்பது எங்கள் கப்பலின் வழக்கம். கேட்டால் பீரங்கிக்காரன் கை தளர்ந்துவிடும். தலைமைத் தச்சன் தானே மேலே ஏறிப் போய்க் கேப்டன் காதில் சொல்ல வேண்டும்.

கேப்டன் பெயர் தெ கெர்வெகன். உயர்குடிக்காரர். ஆனாலும் என்னை ஒருநாள்கூட ‘ஏய்’ என்று கூப்பிட்டதில்லை. மூன்று கப்பல்களில் அவரோடு போயிருக்கிறேன். ஒருமுறை புயலில், ஒரு பாறைக்குப் பக்கத்தில், சுக்கான் தாங்குமா என்று என்னைக் கேட்டார். தாங்கும் என்றேன். சரி என்று போய்த் தூங்கிவிட்டார்! அப்படிப்பட்ட மனுஷன்.

சண்டை வெஸ்ஸான் தீவுக்கு மேற்கே, அக்டோபர் மாதம். போர்வரிசையில் எங்களுக்கு முன்னால் போன கப்பல் விலகி ஓடிவிட்டது. அந்த இடைவெளியில் இங்கிலீஷ்காரன் புகுந்து, இந்தப் பக்கம் ஒரு கப்பலும் அந்தப் பக்கம் ஒரு கப்பலுமாக நின்றுகொண்டான். நாலு மணி நேரம் அடி வாங்கினோம். நான் பதினோரு ஓட்டை அடைத்தேன். என்னோடு இருந்த நாலு பேரில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். பிறகு மேலே பெரிய சத்தம் கேட்டது. நடு மரம் ஒடிந்து, பாயும் கயிறுமாக இடப்பக்கம் கடலில் விழுந்து தொங்கியது. அதன் கனத்தில் கப்பல் இடதுபக்கமாகச் சாய்ந்தது.

தண்ணீர் எவ்வளவு என்று கேப்டன் ஆள் அனுப்பினார்.

இடது குழியில் கம்பியை விட்டேன். ஆறு அடி. கப்பல் சாய்ந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். வலது குழிக்குப் போக வேண்டும். அந்த வழி முழுக்கக் காயம்பட்டவர்களைக் கிடத்தியிருந்தார்கள், வைத்தியரின் இடத்தில் இடமில்லை என்று. அவர்களை மிதித்துத்தான் போக வேண்டும். ஒருவன் என் காலைப் பிடித்துத் தண்ணீர் கேட்டான். ஆனால் அதையெல்லாம் காரணமாகச் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நான் போகாததற்குக் காரணம் அது இல்லை.

கம்பியில் ஆறு என்று பார்த்ததும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அப்பாடா, முடிந்தது என்று. ஆறு அடி என்றால் எந்தக் கேப்டனும் கொடியை இறக்கிச் சரணடைவான். இந்த இருட்டுச் சந்திலிருந்து வெளியே போகலாம், பெரீனைப் பார்க்கலாம். வலது குழியைப் பார்த்தால் அந்த ஆறு குறைந்துபோகும். அது எனக்கு வேண்டாமென்றிருந்தது. இதுதான் உண்மை. இருபத்தாறு வருஷம் கப்பலில் இருந்தவன், நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன்.

மேலே ஏறினேன். கேப்டனின் தொப்பியைக் காணோம், ஒரு காதிலிருந்து ரத்தம் வழிந்தது. மறு காதில் போய்ச் சொன்னேன்.

“ஆறா?” என்றார்.

“ஆறு, ஐயா.”

அவர் மறுபடி கேட்கவில்லை. தளத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். நானூற்றைம்பது பேர் உயிரோடு இருந்தார்கள். கொடியை இறக்கச் சொன்னார். இறங்குகிறவரை அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இங்கிலீஷ்காரர்கள் ஏறி வந்து, முதல் வேலையாகத் தொங்கிக்கொண்டிருந்த மரத்தை வெட்டிக் கடலில் தள்ளினார்கள். கப்பல் நிமிர்ந்தது. நான் யாரும் சொல்லாமலே கீழே போய்க் கம்பியை விட்டேன். மூன்று அடி. மறுபடி துடைத்துச் சுண்ணாம்பு பூசி விட்டேன். மூன்றுதான். மூன்று அடித் தண்ணீரோடு இன்னும் ஒரு பொழுது சண்டை போடலாம். அதற்குள் காற்று திரும்பியிருக்கும். எங்கள் கப்பல்கள் இரண்டு திரும்பி வந்துகொண்டிருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது.

கொஸ்கேர் பம்பின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என் கையிலிருந்த கம்பியைப் பார்த்தான்.

“வலது பம்பு அரை மணியா வெறுங்காத்த உறிஞ்சிட்டிருந்துச்சு மேஸ்திரி,” என்றான். “நீ வந்து பாப்பேன்னு நெனச்சேன்.”

நான் கம்பியைத் துடைத்தேன். அவனுக்கு ஆறு பிள்ளைகள். நல்லவேளை நீ வரல என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவன் சொல்லமாட்டான் என்றேனே, இதனால்தான்.

பதினோரு மாதம் இங்கிலாந்தில், பிளிமத் சிறையில் கிடந்தோம். கைதி மாற்றம் நடந்து பிரெஸ்டுக்குத் திரும்பியதும் கேப்டன் மேல் விசாரணை வைத்தார்கள். அரசரின் கப்பலைக் கொடுத்தவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். துறைமுகத்தில் நின்ற ஒரு பெரிய கப்பலின் பின்னறையில் சபை கூடியது. காலையில் அதற்கு அடையாளமாக ஒரு பீரங்கி சுட்டார்கள்.

படகில் போகும்போது கரையில் தண்டனைக் கைதிகள் மரம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். சிவப்புச் சட்டை, இரண்டிரண்டு பேராகக் காலில் சங்கிலி. தினமும் பார்க்கிறவர்கள்தான். அன்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பொய்க் கணக்குச் சொல்லிக் கப்பலை எதிரிக்குக் கொடுத்த தச்சனுக்கு அந்தச் சட்டைகூடக் கிடைக்குமா, தூக்குக் கயிறுதானா என்று யோசித்தேன். கேட்டால் சொல்லிவிடுவேன் என்று தீர்மானித்தேன். எந்தக் குழி என்று கேட்டால் சொல்லிவிடுவேன். என் குழந்தை மேல் ஆணையாக என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். எனக்குக் குழந்தையே கிடையாது. அப்படி ஒரு ஆணை!

சபையில் ஏழு அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். கேப்டன் நின்றுகொண்டிருந்தார். அவருடைய வாளை மேஜை மேல் வைத்திருந்தார்கள். தலைவர் வெள்ளை முடிக்காரர், குரலை உயர்த்தாதவர். ஆறு அடித் தண்ணீர் இருந்த கப்பலை, ஒடிந்த பாய்மரத்துக்குப் பதில் நட்ட ஒட்டு மரத்தோடு, நாலே நாளில் பிளிமத்துக்குக் கொண்டுபோய்விட்டானே இங்கிலீஷ்காரன், அது எப்படி என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீ கேப்டன்கிட்ட எவ்வளவு சொன்ன?”

“ஆறு அடிங்க.”

“ஆறு இருந்துச்சா?”

“கம்பி ஆறு காட்டிச்சுங்க.”

எந்தக் குழி என்று அவர் கேட்கவில்லை. குழி இரண்டு என்பதே அந்த ஏழு பேரில் ஒருவருக்கும் தெரியாது. நாற்பது வருஷம் கப்பலில் வாழ்ந்தவர்கள், அடித்தளத்துக்கு ஒருநாள் இறங்கியிருப்பார்களா? தலைவர் தலையை ஆட்டிவிட்டுக் கேப்டனிடம் திரும்பினார். அந்த அளவை இன்னொருவனை விட்டுச் சரிபார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் கேப்டன். ஏன் என்று கேட்டார்.

“லெ இர் சொன்னா அத ரெண்டாவது தடவ பாக்கற பழக்கம் எனக்கில்ல,” என்றார் கேப்டன்.

அந்த வார்த்தைதான் அவரைக் கவிழ்த்தது. தப்பு தச்சனுடையதாக இருக்கலாம் என்று தலைவரே அவருக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டார். கேப்டன் அதில் நுழையவில்லை. அவனை இதில் இழுக்காதீர்கள், கொடியை இறக்கியது நான் என்றார். ஒரு அடி முன்னால் வைத்தால் போதும், ஐயா குழி ரெண்டுங்க என்று மூன்று வார்த்தை போதும். என் கால்கள் குத்துக்கல் மாதிரி நின்றன. வாசலில் நின்ற காவலாளி என் முழங்கையைத் தொட்டு, போகலாம் என்றான். போய்விட்டேன்.

தீர்ப்பு மூன்றாம் நாள் வந்தது. கோழை என்று எழுதவில்லை. அரசரின் கப்பலைத் தச்சன் ஒருவனின் பேச்சை மட்டும் நம்பிக் கொடுத்துவிட்ட கவனக்குறைவு என்று எழுதினார்கள். பதவி போனது. இனி எந்தக் கப்பலிலும் கால் வைக்கக்கூடாது. சட்டையிலிருந்த தங்கச் சரிகையை அங்கேயே பிரித்து எடுத்தார்கள் என்று கொஸ்கேர் வந்து சொன்னான். சொல்லிவிட்டு, நாம உசுரோட இருக்கோம் மேஸ்திரி, அத மறந்துடாத என்றான். அவனை அடிக்கப் போய்விட்டேன். பெரீன் நடுவில் வந்து நின்றாள்.

கேப்டன் ஊரைவிட்டுப் போகிற அன்று காலை படித்துறைக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன். இரண்டு நாள் யோசித்து, பெரீனிடம்கூட மறைத்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். இனி சபை இல்லை, ஆனால் அவர் மேல்முறையீடு எழுதலாம். நான் கையெழுத்துப் போடுவேன். என்னைச் சங்கிலியில் கட்டட்டும். அவருக்கு வாள் திரும்பக் கிடைக்கும்.

அவர் ஒரு சாதாரணப் பழுப்புச் சட்டையில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். உட்கார்ந்திருந்த அதிகாரி தச்சனுக்காக எழுந்திருப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. பெரீன் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். வேலை கிடைத்ததா என்று கேட்டார். பிறகு படித்துறைக் கல்லைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“மேஸ்திரி, இப்ப நாம ரெண்டு பேருதான் இருக்கோம். ஒண்ணு மட்டும் சொல்லு. நெசமாவே ஆறா?”

நான் வாயைத் திறந்தேன். அவர் அவசரமாகப் பேசினார், நான் சொல்வதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்பதுபோல.

“பதவி போனதுல எனக்கு ஒண்ணுமில்ல. ராத்திரியெல்லாம் ஒரே நெனப்பு. கப்பல் தாங்கியிருக்குமோ, நான்தான் பயந்து போய் எறக்கிட்டேனோன்னு. நீ சொன்னதக் கேட்டதும் எனக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு மேஸ்திரி. அந்த நிம்மதிதான் என்னக் கொல்லுது. ஆறு இருந்துச்சுன்னா நான் அத்தன பேரக் காப்பாத்தினேன். இல்லன்னா நான் வெறும் கோழ.”

பேசி முடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

மூன்று என்று சொன்னால் வாள் திரும்பும். ஆனால் அந்த நிம்மதி அவரை ஆயுசுக்கும் அரிக்கும். என்னை அரிக்கிறதே, எனக்குத் தெரியாதா? இப்படித்தான் நினைத்தேன் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அதே கணத்தில் சிவப்புச் சட்டையும் என் கண்முன் வந்தது. இரண்டில் எது என்னைப் பேச வைத்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

“ஆறுதாங்க ஐயா,” என்றேன். “இன்னும் ஒரு மணி நேரம்கூடத் தாங்கியிருக்காது.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை விட்டார். பிறகு இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொன்னார். ஒருமுறை அல்ல, படகுக்காரன் கூப்பிடும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பரவாயில்லைங்க ஐயா என்றேன்.