கதவைத் திறக்கக் கூடாதென்று உத்தரவு

செல்லக்கண்ணு தன் சொந்த வீட்டில் தண்ணீர் குடிக்க யாரிடமோ அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார்.

சாத்திய கதவுக்கு வெளியே நின்று அவர் மனைவி கலியம்மாள் அதைக் கேட்டாள். "சாப், பானி பீ லூம்?" என்றது புருஷனின் குரல். போனுக்குள் இருந்தவன் ஏதோ உறுமினான். அதற்கப்புறம்தான் சொம்பிலிருந்து மடக் மடக்கென்று தண்ணீர் இறங்கும் சத்தம் வந்தது. இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்ற மனுஷன். குன்னம் ரேஷன் கடையில் எவனாவது வரிசைக்குள் புகுந்தால் காலரைப் பிடித்து இழுத்துப் பின்னால் நிறுத்துகிறவர். அவர் குரலா இப்படிக் கூனிப்போயிருக்கிறது?

நேற்றுக் காலை போன் வந்தது. பேசிக்கொண்டே அறைக்குள் போனவர் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். பத்து நிமிஷம் கழித்துக் கதவை ஒரு சாண் திறந்து, கையை மட்டும் நீட்டி, அவளுடைய போனையும் கேட்டு வாங்கிக்கொண்டார். மத்தியானம் சோற்றுத் தட்டை வாங்கும்போது உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். கொல்லைப்பக்கம் போகும்போதுகூட போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேதான் போனார். எதிரே நின்ற பெண்டாட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. போனுக்குள் மீசை வைத்த ஒருவன், ராணுவ உடுப்பில், பின்னால் கொடியோடு உட்கார்ந்திருந்ததைக் கலியம்மாள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"என்னங்க, என்னாச்சு? சொன்னாத்தானங்க தெரியும்" என்று சாயங்காலம் கதவைத் தட்டினாள். பதில் கதவிடுக்கு வழியாக வந்தது. நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கோணல்மாணலாக எழுதியிருந்தார்: பேசாதே. பிரவீணாவைப் பிடித்துவிடுவார்கள்.

பிரவீணா அவர்களுடைய ஒரே மகள். திருச்சியில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். ராத்திரி முழுக்க அந்த அறையில் விளக்கு அணையவில்லை.

கல்யாணமான புதிதில் இரண்டு வருஷம் அம்பாலாவில் ராணுவக் குடியிருப்பில் அவள் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். காய்கறிக்காரியோடு பேரம் பேசிப் பேசிக் கற்றுக்கொண்ட இந்தி இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. இன்று காலை கதவில் காதை வைத்தபோது அந்த மிச்சம்தான் அவள் உயிரை எடுத்தது. "தேஷ்துரோஹி" என்றான் ஒருவன். இதற்கு இந்தி தெரிய வேண்டியதில்லை. பிறகு, "பீவி கோ குச் மத் பதானா" என்றான். பெண்டாட்டியிடம் எதுவும் சொல்லாதே. கடைசியாக, நாளைக் காலை பத்து மணிக்குப் பேங்க்.

தேசத்துரோகியா? இவரா? போலீசுக்கு ஓடலாம் என்று கால் எழுந்தது. அடுத்த நொடியே, ஒருவேளை நிஜமாக இருந்துவிட்டால் என்று தோன்றியது. தானே போய்ப் புருஷனைப் பிடித்துக் கொடுத்த கதையாகிவிடாதா? சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் அடுப்படியில் உட்கார்ந்து வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள்.

ஒன்பது மணிவாக்கில் அவர் மறுபடி போனும் கையுமாகக் கொல்லைக்குப் போனார். கலியம்மாள் அறைக்குள் ஓடினாள். மேசைமேல் அவருடைய மெடல்கள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் குப்புறக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. வருஷா வருஷம் குடியரசு தினத்துக்குத் துடைத்துத் துடைத்து அவர் கண்ணாக வைத்திருந்தவை. அவளுடைய கண் நேராக மூலைக்குப் போனது. பருத்திக்கு அடிக்க வாங்கிய பூச்சிமருந்து டின் அங்கேதான் இருந்தது. மானத்துக்கு அஞ்சுகிற மனுஷன். டின்னைத் தூக்கி முந்தானையில் மறைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஆண்டாயியிடம் ஓடினாள்.

"ஆண்டாயி, இத எங்கியாவது கண்ணு படாத எடத்துல வையிடி. நா ரெட்டிபாளையம் வரைக்கும் போயிட்டு வரேன். நா வர்ற வரைக்கும் எம் வூட்டு வாசல்லயே ஒக்காந்திரு. அவரு வெளிய கெளம்புனா கால கட்டிக்கிட்டாவது நிறுத்து."

"என்னக்கா, மூஞ்செல்லாம் வெளுத்துக் கெடக்கு?"

"கேக்காத. ஒக்காந்திரு, போதும்."

ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை ஒன்றின் வாசலில் காவல் மேற்பார்வையாளராக இருந்தார் அங்கமுத்து. ஆண்டிமடத்துக்காரர். செல்லக்கண்ணுவின் கம்பெனியில் சுபேதாராக இருந்தவர். அறுபத்து மூன்று வயதில் எதற்கு இந்த வேலை என்று கேட்டால், சும்மா உட்கார்ந்தால் துருப்பிடித்துவிடும் என்பார். பட்டாளத்தில் இப்படி வழக்கம் உண்டா இல்லையா என்று தெரிந்த ஆள் கலியம்மாளுக்கு அவர் ஒருவர்தான்.

அரியலூரில் பஸ் மாறினாள். வழியெல்லாம் லாரிகள் நின்று நின்று போயின. ஒவ்வொரு தடவை பஸ் நின்றபோதும் அவளுக்கு வீட்டில் ஏதோ நடந்துவிட்டதாகவே பட்டது. பின்சீட்டில் யாருடைய போனோ அடித்தபோது தூக்கிவாரிப்போட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்குப் பட்டப்பகலே இருண்டிருந்தது.

ஆலை வாசலில் காக்கி உடுப்போடு நின்ற அங்கமுத்து அவளைப் பார்த்ததும் சிரித்தார். "வாம்மா தங்கச்சி, செல்லக்கண்ணு சொகமா?"

அவள் மூச்சுவிடாமல் கொட்டினாள். வீடியோ போன் என்று சொன்ன இடத்தில் அவர் சிரிப்பு நின்றது. மெடல் என்று சொன்ன இடத்தில் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கலியம்மாள் அதைப் பார்த்து, அப்படியானால் எல்லாம் நிஜம்தான் என்று முடிவுகட்டினாள்.

"அண்ணே, எம் பொண்ணயும் புடிச்சிருவாங்களாண்ணே?"

"எவனும் புடிக்க மாட்டான். பட்டாளத்துல போன்ல அரஸ்ட் பண்றதுன்னு ஒண்ணு கெடையவே கெடையாது. இவனுவ திருட்டுப்பயலுவ." எழுந்து வண்டிச் சாவியை எடுத்தார். "பணம் எதாவது அனுப்பிட்டானா?"

"தெரியலண்ணே. நாளைக்குப் பேங்குன்னு கேட்டுச்சு."

"ஏறு."

திருட்டுப்பயல்கள் என்று தெரிந்த பிறகு பயம் குறைய வேண்டும். ஆனால் குறையவில்லை. வண்டியின் கைப்பிடியில் அங்கமுத்துவின் விரல்கள் நடுங்கிக்கொண்டே இருந்ததைக் குன்னம் வரும்வரை அவள் பார்த்தாள். பொய் என்று தெரிந்த மனுஷனுக்கு ஏன் கை நடுங்குகிறது?

வாசலில் ஆண்டாயி உட்கார்ந்திருந்தாள். "வெளிய வல்லக்கா. உள்ளாற அழுவுற சத்தம் கேட்டுச்சு" என்றாள். கலியம்மாள் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவர் அழுது பார்த்ததில்லை.

அங்கமுத்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, திறக்கச் சொல்லி அணிவகுப்புக் குரலில் கத்தினார். "ஹவில்தார் செல்லக்கண்ணு! தர்வாஜா கோல்!"

உள்ளே நாற்காலி நகர்ந்தது. காலடிச் சத்தம் கதவுவரை வந்தது. கலியம்மாள் கும்பிட்டபடி நின்றாள். தாழ்ப்பாள் மட்டும் அசையவில்லை.

"சாப், போயிருங்க" என்றார் செல்லக்கண்ணு. "கர்னல் சாப் உத்தரவு. தெறக்கக் கூடாது. நீங்க சுபேதாரு சாப். அவரு கர்னலு."

பட்டாளத்துக்காரனுக்கு மட்டும்தான் இப்படி ஒரு புத்தி வரும். வீட்டுக்கூரையில் தீப்பிடித்தாலும் பெரிய அதிகாரி சொன்னால்தான் இறங்குவான். கட்டளைக்கு மேல் கட்டளை என்று வந்தால் பெரிய பதவிதான் ஜெயிக்கும். அந்த மீசைக்காரன் இதைத் தெரிந்துகொண்டுதான் தோளில் அவ்வளவு நட்சத்திரங்களைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னடா குத்தம் சொல்றான் ஒம்மேல?"

"போட்டோ சாப். பனியில பங்கர் முன்னாடி எடுத்தது. பழைய ஞாபகத்துல பேஸ்புக்ல போட்டுட்டேன். நம்பர், யூனிட்டு எல்லாம் கீழ எழுதிட்டேன். அது எதிரிக்குப் போயிருச்சாம். தப்பு நெசந்தான் சாப், நாந்தான் போட்டேன்."

"தப்புன்னா கடுதாசி வரும், ஆளு வரும், நேர்ல கூப்புடுவாங்க. கதவ சாத்திக்கிட்டுப் பேங்குக்குப் போன்னு எந்தக் கர்னலும் சொல்ல மாட்டான்டா."

போனுக்குள் இருந்தவன் குரலை உயர்த்தி இந்தியில் கத்த ஆரம்பித்தான். வெளியே யார், எத்தனை பேர், மகளின் விடுதி வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று அவன் கத்தியதெல்லாம் கலியம்மாளுக்குத் துண்டு துண்டாகப் புரிந்தது. செல்லக்கண்ணு "மாஃப் கீஜியே சாப், மாஃப் கீஜியே" என்று மன்னிப்புக் கேட்டுக் கெஞ்சினார். அவள் கதவில் தலையை முட்டிக்கொண்டாள்.

அங்கமுத்து தொப்பியைக் கழற்றிவிட்டுக் கதவோரமாகத் தரையில் உட்கார்ந்தார். ஆண்டாயியைப் பார்த்து, "நீ கொஞ்சம் அந்தாண்ட போம்மா" என்றார். அவள் போகும்வரை காத்திருந்தார்.

"செல்லக்கண்ணு, மெடல எல்லாம் எடுத்துக் குப்புற வையின்னு சொன்னானா?"

அங்கமுத்து கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

"எங்கிட்டயும் சொன்னான்டா. போன ஆடி மாசம். எம் பொஞ்சாதி அவ அம்மா வூட்டுக்குப் போயிருந்தா. அடுப்படியில மூணு நாளு நின்னேன். என் ஆதார்ல சிம் வாங்கி எதிரி நாட்டுக்குப் பேசியிருக்கேன்னான். ஒக்காரட்டுமா சாப்னு கேட்டு ஒக்காந்தேன். ரிட்டயர்டு பணம் முழுக்க அனுப்பிட்டேன். முந்திரிக் காட்ட அடகு வச்சும் அனுப்பினேன். பொஞ்சாதிகிட்ட சிநேகிதனுக்குக் கைமாத்து குடுத்தேன்னு பொய் சொன்னேன். இன்னிக்கி வரைக்கும் அவளுக்குத் தெரியாது. சும்மா ஒக்கார முடியாம வேலைக்கிப் போறேன்னு ஊரே பெருமையா பேசுது. பேசட்டும்னு விட்டுட்டேன். நா நிக்கிறது சோத்துக்குடா."

கலியம்மாள் அவரைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தாள். அவ்வளவு பெரிய மனுஷன் தரையில் உட்கார்ந்து ஒரு பலகைக் கதவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தது அவளுக்குத் தாங்கவில்லை.

"இப்ப கத்துறான்ல?" என்றார் அங்கமுத்து. "கத்தட்டும். அடுத்தாப்புல கொரல எறக்குவான். எங்கப்பாவும் பட்டாளத்துக்காரருதான், ஒங்களப் பாத்தா அவரப் பாத்த மாதிரி இருக்கு, நா ஒங்கள எப்டியாவது காப்பாத்துறேன்னு சொல்லுவான். அதக் கேட்டுத்தான்டா நா முந்திரிக் காட்ட அடகு வச்சேன். கேட்டுட்டு அப்பறம் நீ முடிவு பண்ணு."

மூவரும் காத்திருந்தார்கள். கத்தல் இன்னும் கொஞ்சம் நீடித்தது. சொல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று கலியம்மாள் தவித்தாள். இதற்கு மேல் இவரிடம் சொல்ல அங்கமுத்துவிடம் ஒன்றும் மிச்சமில்லை. நாளை பத்து மணிக்கு இவர் பேங்குக்குப் போவார். அதற்கப்புறம் என்னவாவார் என்று நினைக்கவே அவள் துணியவில்லை.

குரல் இறங்கியது. பாகாக இறங்கியது.

"தேக்கியே, மேரே பிதாஜி பீ ஃபௌஜீ தே..." பாருங்கள், என் அப்பாவும் பட்டாளத்துக்காரர்தான்.

உள்ளே என்னவோ பொத்தென்று விழுந்தது. கலியம்மாள் வீரிட்டாள். தாழ்ப்பாள் விலகியது. செல்லக்கண்ணு வாசலில் நின்றார். இரண்டு நாள் தாடியும் சிவந்த கண்ணுமாக, தன் அப்பாவைப் போலக் கிழடுதட்டி இருந்தார். பின்னால் தரையில் கிடந்த போனில் அந்தப் பிதாஜியின் மகன் இன்னும் பேசிக்கொண்டே இருந்தான். அங்கமுத்து உள்ளே போய் அதை அணைத்தார். தன் போனை எடுத்து, இணைய மோசடிப் புகாருக்கான எண்ணைப் பார்க்காமலே ஒன்று ஒன்பது மூன்று பூஜ்யம் என்று அழுத்தினார்.

"நம்பரு மனப்பாடமா இருக்குது. ஒரு வருசமா டயல் மட்டும் பண்ணல" என்றார்.

நேற்றே போன் வழியாக ஒரு தொகை போயிருந்தது. சேமிப்பில் கால்வாசி. எதிர்முனையில் ஒரு பெண் நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டாள். செல்லக்கண்ணு தரையைப் பார்த்தபடி பதில் சொன்னார். சீக்கிரம் சொன்னது நல்லது, பேங்குக்கு உடனே தெரிவிக்கிறோம், கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றாள் அவள். கலியம்மாள் புருஷனுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சொம்பை வாயருகே கொண்டுபோனவர் சட்டென்று நிறுத்திப் போன் இருந்த பக்கம் பார்த்தார்.

"குடிங்க" என்றாள். அழுகை வந்தது. "ஒங்க வூடுங்க இது. குடிங்க."

குடித்தார். அங்கமுத்து சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

"நீங்களும் அந்தம்மாகிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே."

"மொதல்ல எம் பொஞ்சாதிகிட்ட சொல்லணும்மா. அது இத விடக் கஷ்டம்."

தன் போன் ஞாபகம் வந்து, கலியம்மாள் அதை மேசையிலிருந்து எடுத்து உயிர்ப்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அது அடித்தது.

செல்லக்கண்ணு எழுந்து நின்றார். குதிகால் சேர்ந்திருந்தது, கைகள் தொடையோடு ஒட்டியிருந்தன, கண் நேரே சுவரைப் பார்த்தது. அவர் நின்றது அவளுக்கு ஆச்சரியமில்லை. எதிர்ப்பக்கம் அங்கமுத்துவும் அதே விறைப்பில் நின்றுகொண்டிருந்தார். ஒரு வருஷம் ஆகியும் அந்த மனுஷன் நின்றார். தான் நிற்பது அவருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

திரையில் பிரவீணாவின் பெயர் இருந்தது. செல்லக்கண்ணு வாயைத் திறக்காமல், வேண்டாம், சொல்லாதே என்று தலையை மட்டும் அசைத்தார். அவர் கண்ணில் காலையில் இருந்த அதே பயம்தான் இருந்தது. இப்போது அது மகளைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

கலியம்மாள் அங்கமுத்துவைப் பார்த்தாள். காக்கிச் சட்டையில் சிமெண்ட் தூசி படிந்திருந்தது.

"சொல்லும்மா. இவன என்னய மாதிரி ஆக்கிராத" என்றார் அவர்.

அவள் போனைக் காதில் வைத்தாள். "பிரவீணா, நல்லாருக்கியா கண்ணு? அப்பா பக்கத்துலதான் இருக்காரு. அப்பாவ ஏமாத்திட்டாங்கடா. எல்லாத்தயும் சொல்றேன், கேளு."