வாய்க்குள் தூக்கி வந்த ஆரவாரம்

1

இந்தக் கதை எனக்குக் கனவில் வரவில்லை. அமர்லே நேரில் வந்தாள். அக்ரா நகரத்தின் ஜேம்ஸ் டவுன் பேட்டையில் அவள் நேரில் வந்து ஒன்றைக் கேட்டால் கொடுத்துவிடுவது உடம்புக்கு நல்லது.

"ஆட்டா," என்றாள். என் வயதுக் கிழவர்களை இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ஊர்ல இருக்கிற அத்தனை பேரைப் பத்தியும் பொய் எழுதிட்டீங்க. என்னைப் பத்தி ஒரு நிஜம் எழுதுங்க."

"பழக்கமில்லையேம்மா."

"பழகிக்குங்க. நாம ஜெயிச்ச கதை அது. கடைசியில மழை, நொண்டி நாய்னு எதையாவது கொண்டுவந்து அழவச்சீங்கன்னா, இந்த முற்றத்துல உங்க நாற்காலி இருக்காது."

என் நாற்காலி கோகோ முற்றத்தின் வடக்கு மூலையில், வேப்பமரத்தடியில் கிடக்கிறது. அதில் உட்கார்ந்து பொய் சொல்வதுதான் என் தொழில். ஓய்வூதியம் கிடையாது. ஆகவே இந்த ஒரு முறை நிஜத்தைச் சொல்கிறேன். எது நம்ப முடியாததாகத் தோன்றுகிறதோ அது நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றது நான் சேர்த்தது.

2

முதல் தொடக்கம்: "அன்று காலை அக்ராவின் கடல் வழக்கத்தைவிட நீலமாக

விட்டுவிட்டேன். கடல் நீலமாக இருந்ததால் யாரும் ஜெயிக்கவில்லை.

இரண்டாம் தொடக்கம்: "அமர்லேயின் குரலுக்கு ஒரு வரலாறு உண்டு. ஒருமுறை அவள் கரையில் நின்று தன் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அதே பெயருள்ள ஏழு மீனவர்கள் படகைத் திருப்பினார்கள். அதில் ஒருவன் டோகோ நாட்டுக் கடலில் இருந்தவன்."

(எழுதியதை அமர்லே வாங்கிப் படித்தாள். "டோகோவிலேர்ந்து வந்தது ரெண்டு பேர்" என்று திருத்தினாள். நான் எதிர்க்கவில்லை.)

இந்தத் தொடக்கம் இருக்கட்டும். ஏனென்றால் கதையே இதுதான்: அக்ராவிலேயே பெரிய குரல் கொண்ட பெண், தன் வாழ்க்கையின் பெரிய நாளில், ஒரு சத்தமும் போடாமல் இருக்க வேண்டியிருந்தது.

3

முற்றத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய கோகோ கிடங்குக்கு முன்னால் இருக்கும் வெட்டவெளி. சனிக்கிழமை தோறும் அங்கே ஏதாவது நடக்கும். பமாக்கோவிலிருந்து நரம்பிசைக்காரர்கள் வருவார்கள். லாகோஸ் நாடகக்காரர்கள் வந்து எங்கள் நாற்காலிகளை உடைப்பார்கள். ஹராரேயிலிருந்து, சிறைக்குப் போய்வந்த கவிஞர்கள் வந்து கென்கே என்கிற சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் தின்றுவிட்டு அழுவார்கள், மிளகாய்க் காரத்தால். கண்டத்தில் எங்காவது ஓர் ஆட்சி கவிழ்ந்தால், மறுநாள் எங்கள் முற்றத்தில் வழக்கு நடக்கும்; கவிழ்த்தவனுக்கும் கவிழ்ந்தவனுக்கும் தனித்தனியே தண்டனை. தேர்தல் வந்தால் வேட்பாளர்களை மீன்பெட்டி மேல் ஏற்றி நிறுத்துவோம். மீன்காரிகள் கேள்வி கேட்பார்கள். பதில் சரியில்லை என்றால் மேளத்தை அடித்து இறக்கிவிடுவோம். ஒருவர் அப்படி இறங்கி ஓடியவர் இன்னும் நிற்கவில்லை. கடைசியாக அவரைத் தூரத்துக் குமாசிப் பக்கம் பார்த்ததாகச் சொல்கிறார்கள்.

இதையெல்லாம் முன்னால் நின்று நடத்துபவள் அமர்லே. ஒலிபெருக்கி வாடகை அவளால் மிச்சம்.

இந்த முற்றத்தைக் கார் நிறுத்தும் இடமாக்க ஓர் அலுவலகம் ஆணை போட்டது. எந்த அலுவலகம் என்று எழுத மாட்டேன். ஓசுப் பேட்டையில் மாடிப்படியும் திறந்த மாடமும் கொண்ட கட்டடம், அவ்வளவு போதும். ஆணை போட்ட அதிகாரியின் பெயர் ஓடார்ட்டே. அவர் ஓசுவிலேயே பிறந்து வளர்ந்தவர். வியாழக்கிழமை ஆணை போட்டார். வரும் திங்கள் இடிக்கும் வண்டி வரும் என்றார்.

"வெள்ளிக்கிழமை ஊர்வலம்," என்றாள் அமர்லே. "ஊர்ல இருக்கிற எல்லா மேளமும் வரணும்."

4

இங்கே எனக்கு ஒரு கதாபாத்திரத்தின் மேல் நம்பிக்கை போய்விட்டது.

கோமே. முற்றக் குழுவின் செயலாளர். ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர். எங்கள் வெயிலிலும் கோட்டுப் போடுபவர். ஊர்வலத்தின் பாதையை வகுத்தவர் இவர்தான்.

எங்கள் நகரத்தில், வருஷத்துக்கு ஒருமுறை, சாமிச் சோளம் விதைத்ததும் ஊர் வாயைக் கட்டிக்கொள்ளும். மேளம் கூடாது. ஒலிபெருக்கி கூடாது. தேவாலயத்தில் கைதட்டக்கூடக் கூடாது. சோளத்தை முளைக்க வைக்கிற தெய்வங்களுக்கு வேலை நேரத்தில் இரைச்சல் பிடிக்காது. தடை முடிந்ததும் மேளம் முழங்கித் திருவிழா வரும். ஆனால் ஒவ்வொரு பேட்டைக்கும் தடை முடிகிற நாள் வேறு. ஜேம்ஸ் டவுனில் அந்த வாரம் முடிந்துவிட்டது. ஓசுவில் முடியவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு கால்வாயும் சின்னப் பாலமும்தான்.

கோமே ஜேம்ஸ் டவுன் தடை முடிந்ததை மட்டும் பார்த்தார்.

எல்லை என்றால் என்னவென்று ஊருக்கே பாடம் நடத்திய மனுஷன் எல்லையை மறப்பாரா? வாசகர்கள் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். அதனால் முதல் பிரதியில் இவரைப் பல் மருத்துவராக மாற்றினேன். செய்தி எப்படியோ போய், கோட்டோடு வந்து நின்றார்.

"ஆட்டா, என் தப்பைத் தூக்கி எதுக்கு ஒரு பல் டாக்டருக்குக் குடுக்கிறீங்க? அந்தத் தப்பு இல்லைன்னா நாம தோத்திருப்போம். அது என்னோடது. எனக்கே வேணும்."

திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

5

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினோம். பெரிய மேளங்களைத் தலையில் ஏற்றி ஒருவர் சுமக்க, பின்னால் ஒருவர் அடித்துக்கொண்டு வந்தார். மீன்காரிகள், குத்துச்சண்டைக்காரர்கள், சிற்றுந்து நடத்துநர்கள், வந்த இடத்தில் மாட்டிக்கொண்ட லாகோஸ் நாடகக்காரர்கள். தலையை எண்ணவில்லை. முன்வரிசை பாலத்துக்கு வந்தபோது கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கு ஊர்வலம் புறப்பட்டதே தெரியாது.

பாலத்தின் அந்தப் பக்கம் வெள்ளை வேட்டியில் மூன்று பேர். ஓசுப் பூசாரியின் ஆட்கள். பக்கத்தில் காலியான ஒரு தள்ளுவண்டி. தடையை மீறுகிறவர்களிடம் பறிக்கிற மேளங்களை ஏற்ற.

"சாலே, மேளத்தை அங்கேயே நிறுத்துங்க," என்றார் மூத்தவர். இங்கே நண்பனையும் சாலே என்போம், அடிக்கப்போகிறவனையும் சாலே என்போம்.

"தடை போயிடுச்சே!" என்றது எங்கள் முன்வரிசை.

"உங்களுக்குப் போயிடுச்சு. எங்க சோளம் இன்னும் மண்ணுக்குள்ள தூங்குது."

அமர்லே மெதுவாகத் திரும்பினாள். "வாத்தியாரே, உங்க பூகோளத்துல இந்தப் பாலம் வரலையா?"

"வந்துச்சும்மா. பரீட்சைல தண்ணி ஓடற திசை மட்டும்தான் கேப்பாங்க."

"திரும்பிடலாமா?" என்றான் ஒரு குத்துச்சண்டைக்காரன்.

"திங்கக்கிழமை வண்டி வருது. திரும்பிப் போய் என்ன, அதுக்கு வழி சொல்லப்போறியா?"

"அப்ப அடிச்சுக்கிட்டே போவோம். பறிக்கட்டும் பார்க்கலாம்."

"ஒரு அடி விழுந்தாப் போதும். 'மரபைக் காப்பாத்துற முற்றமாம், மரபை உடைச்சுட்டு வருது பாரு'ன்னு ஓடார்ட்டே வாசல்லயே சிரிப்பாரு. அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காரு." அமர்லே தலைத்துணியை அவிழ்த்துத் தன் வாயைச் சுற்றிக் கட்டினாள். கட்டுவதற்கு முன் அவள் சொன்ன கடைசி வார்த்தை: "செருப்பைக் கழட்டுங்க."

செருப்பு தரையில் அடிக்கும் அல்லவா.

6

(இந்தப் பகுதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுத்து என்பது சத்தம். சத்தமில்லாத ஒன்றை எழுதினால்

இல்லை. வேறு விதமாக.)

மேளங்கள் பாலத்தின் இந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்தன. நாங்கள் வெறுங்காலோடு ஓசுவுக்குள் போனோம். கைக்குழந்தைகளுக்கு வாயில் பால் இருந்துகொண்டே இருந்தது. ஒருவனுக்கு விக்கல் வந்தது. நாலு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்கு ஓடி, எங்கள் பக்கம் வைத்து விக்கவிட்டு, முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்தினார்கள். மீன் பொரித்துக்கொண்டிருந்த ஓசுப் பெண்கள் எங்களைப் பார்த்து அடுப்பிலிருந்து சட்டியை இறக்கினார்கள், எண்ணெய் சத்தம் போடுகிறதே என்று. பிறகு அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பூசாரியின் ஆட்கள் எங்கள் இருபுறமும் தள்ளுவண்டியோடு நடந்தார்கள். யாராவது ஒரு முறை தும்ம மாட்டானா என்ற ஆசை அவர்கள் முகத்தில் தெரிந்தது.

அலுவலகத்தின் முன்னால் போய் நின்றோம். நின்றோம், அவ்வளவுதான்.

சத்தம் போட்டிருந்தால் அவர்கள் ஜன்னலை மூடியிருப்பார்கள். சத்தம் போடாதவர்களுக்கு எந்த ஜன்னலை மூடுவது? உள்ளே தட்டச்சு நின்றது. மின்விசிறி தன் இரைச்சலுக்குத் தானே வெட்கப்பட்டு நின்றதாக ஒரு குமாஸ்தா பிறகு என்னிடம் சொன்னார். (நான்தான் அவரைச் சொல்ல வைத்தேன்.) ஒருவர் காகிதத்தைத் திருப்பியது தெருக்கோடிவரை கேட்டது.

ஓடார்ட்டே அரை நாள் பொறுத்தார். பிறகு கையில் ஒரு ஊதுகுழல் ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு மாடத்துக்கு வந்தார்.

"கலைந்து செல்லுங்கள்!" என்று முழங்கினார். "இல்லையென்றால் நடவடிக்கை எடுக்கப்படும்!"

அந்த வாரங்களில் ஓசுவில் எழுந்த முதல் சத்தம் அது. இரண்டு புறாக்கள் விழுந்தன.

எங்களில் ஒருவர்கூட அசையவில்லை. பூசாரியின் ஆட்கள்தான் அசைந்தார்கள். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தள்ளுவண்டியைப் படியடியில் நிறுத்திவிட்டு மேலே ஏறினார்கள். மூத்தவர் இரண்டு கையையும் நீட்டினார். ஓடார்ட்டே கையிலிருந்ததைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், தான் பிறந்த ஊரைப் பார்த்தார். முகம் சாம்பலானது. கொடுத்துவிட்டார்.

7

முடிவுகள். மூன்று எழுதினேன்.

(அ) கடல் பொங்கிவந்து ஆணையை மட்டும் நனைத்துவிட்டுப் போனது. அமர்லே படித்துவிட்டு, "ஜெயிச்சது நாங்களா, கடலா?" என்றாள். அடித்துவிட்டேன்.

(ஆ) ஓடார்ட்டே மனம் திருந்தி அழுதார். "அந்த மனுஷனா?" என்றாள். அடித்துவிட்டேன்.

(இ) நடந்தது:

வெள்ளை வேட்டிக்காரர்களில் மூத்தவர் ஓடார்ட்டேயைப் படிக்குக் கூட்டிவந்தார். தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை ஒரு ஆட்டோட பூசாரி வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேளுங்க. சத்தத்தைக் கேட்ட சாட்சிங்க வந்து, காது ஆறிடுச்சுன்னு சொல்லணும். சொல்லலைன்னா திருவிழா அன்னைக்கு உங்க வீட்டு வாசல்ல மட்டும் சோளப்படையல் தூவமாட்டோம்; சாமியோட ஆசி வராது." பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சாடையில் கேட்டார்: யார் சாட்சி?

அத்தனை கைகளும் எழுந்தன. பாலம்வரை எழுந்தன. கைகளுக்குப் பின்னால் வெயில் மறைந்தது.

ஓடார்ட்டே அந்தக் கைகளைப் பார்த்தார். தெருக்கோடியில் தூக்கிய ஒரு கை, அவருடைய சொந்தச் சித்தியின் கை. படியிறங்கி அமர்லேயின் முன்னால் வந்து நின்றார். அவள் துணியை இறக்கினாள். அவள் கிசுகிசுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. யானை ஊசியில் நூல் கோப்பதுபோல் இருந்தது.

"காது ஆறிடுச்சுன்னு நீங்கல்லாம் சொல்லணும்னா, உனக்கு என்னம்மா வேணும்?"

"முற்றம்."

"ஆணை போட்டாச்சே."

"போட்ட கைதானே? எடுக்கட்டும்."

"அதுக்கெல்லாம் முறை இருக்கு. நாளாகும்."

"ஆகட்டும். எங்களுக்குச் சத்தம் போடத்தான் தடை. நிக்கத் தடை இல்லை."

"கொஞ்சம் சத்தமாத்தான் பேசேன், ஒண்ணுமே கேக்கலை," என்றார் அவர், பழக்கதோஷத்தில்.

"ஆசைதான் உங்களுக்கு," என்றாள் அமர்லே. வெள்ளை வேட்டிக்காரர் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

ஓடார்ட்டே உள்ளே போனார். நாங்கள் நின்றோம். வெயில் சாயத் தொடங்கியபோது ஒரு தாளோடு வந்தார். சத்தமாகப் படிக்க முடியாதே. அமர்லேயின் காதில் படித்தார்: முற்றத்தின் மீதான ஆணை ரத்து. அது முற்றமாகவே இருக்கும். கீழே கையெழுத்து, முத்திரை.

அவள் அதைக் கோமேயின் காதில் சொன்னாள். கோமே அடுத்தவர் காதில். காது காதாகப் பின்னால் போயிற்று. கடைசி வரிசையைச் சேர்ந்தபோது முற்றத்தோடு துறைமுகமும் விமான நிலையமும் எங்களுக்கே என்று ஆகியிருந்தது. திருத்த யாருக்கும் மனமில்லை.

8

இனி ஒரு சிக்கல் பாக்கி. ஜெயித்துவிட்டோம், கத்த முடியாது.

ஜெயித்த ஜனம் கத்தாமல் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கன்னம் உப்பியிருந்தது. கண்ணில் நீர் முட்டியது. குத்துச்சண்டைக்காரர்கள் ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டு நடந்தார்கள். கோமே கோட்டுக் கையைக் கடித்துக்கொண்டிருந்தார். ஓசு ஜனங்கள் வாசலில் நின்று வெள்ளைக் கைக்குட்டைகளை ஆட்டினார்கள். தெரு முழுக்க வெள்ளை, ஒரு சத்தமில்லை. நான் என் ஆரவாரத்தை நாக்குக்கு அடியில் வைத்திருந்தேன். என் வயதில் அது கொஞ்சம் கனம்தான்.

எல்லோரும் பாலத்தைத் தாண்டி எங்கள் பக்கம் நின்றோம்; கடைசி ஆள் அமர்லே. ஒரு கால் இன்னும் ஓசுவில் இருந்தது. மறு காலைத் தூக்கி எங்கள் மண்ணில் வைத்தாள். பின்காலையும் எடுத்துவிட்டாளா என்று குனிந்து பார்த்துக்கொண்டாள். துணியை அவிழ்த்தாள். மூச்சை இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள், கால்வாய்த் தண்ணீர் அவள் பக்கம் சாய்ந்தது. கூடவே அத்தனை பேரும் இழுத்தார்கள்.

அடுத்த வாக்கியம் என்னால் ஆகாது. எழுதிப் பார்த்தேன், தாள் கிழிந்தது. அமர்லேயிடம் சொன்னேன். "எழுத வேண்டாம் விடுங்க," என்றாள். "படிக்கிறவங்களுக்கு வாய் இல்லையா?"

உங்கள் தெருவில் இன்று தடை ஏதும் உண்டா என்று ஜன்னலைத் திறந்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எழுந்து நில்லுங்கள். மூச்சை நன்றாக இழுங்கள். இன்னும் கொஞ்சம்.

ம்.