குழியோரத்து விருந்து

எழுதிப் பழக்கமில்லாத ஒரு பள்ளி ஆசிரியை இதை எழுதத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். என் பெயர் லுதோவீனா. போர்த்துகலின் கடலோர ஊரான கொலாரிஷில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதுடன், சனிக்கிழமைகளில் பண்ணையார் அன்செல்மோவின் விருந்தினருக்கு அவருடைய ஒயின்களின் சுவையை எடுத்துரைக்கும் பணியும் எனக்கு இருந்தது.

எங்கள் கடற்கரையில் திராட்சைக் கொடி வேர் பிடிப்பது மணலில் அன்று. மணலுக்கு அடியிலுள்ள களிமண்ணில். ஆகவே ஆளுயரத்துக்கும் ஆழமாகக் குழி வெட்டுவார்கள். இறங்குபவர் தலையில் பிரம்புக் கூடையைக் கவிழ்த்துக்கொள்வார். மணல் சரிந்தால் கூடைக்குள் சிறிது காற்று நிற்கும். உள்ளே ஆள் இருக்கும்போது குழியின் விளிம்பில் எவரும் கால் வைக்கக் கூடாது என்பது இங்கே குழந்தைகளும் அறிந்த ஒழுங்கு.

அன்று லிஸ்பன் வணிகர்கள் வந்திருந்தனர். பண்ணைத் தொழிலாளியான செஃபெரீனோ கூடையோடு குழி வெட்டுவதை அவர்கள் உணவருந்தியபடியே காண வேண்டும் என்று பண்ணையார் விரும்பினார். மேசையை விளிம்பிலேயே போடச் செய்தார். நான் வெள்ளை ஒயினை உயர்த்திப் பிடித்து, எலுமிச்சைத் தோலின் மணத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அப்போது விளிம்பு சரிந்தது.

விருந்தினர் பின்வாங்கி ஓடினர். நான் மணலோடு வழுக்கிக் குப்புற விழுந்தேன். கால்கள் முழங்கால்வரை புதைந்துவிட்டன. கீழே செஃபெரீனோவின் வலக்கை மட்டும் மணலுக்கு மேல் நீண்டிருந்தது. இரு கைகளாலும் எட்டிப் பற்றிக்கொண்டேன்.

"டீச்சரம்மா, அசையாதீங்க!" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து கத்தினான் எர்மீனியோ. செஃபெரீனோவின் தங்கையைக் கட்டியவன் அவன். "நீங்க காலை உருவினா மிச்ச மணலும் அவன் தலைல இறங்கிரும். மச்சான்! கேக்குதா?"

"கேக்குது..." கூடைக்குள்ளிருந்து மங்கலாக வந்தது குரல். "இங்க வந்தும் உன் சத்தம்தானா?"

"வாயை மூடு, காத்தைத் தீத்துராத! டீச்சரம்மா, நீங்க பேசுங்க. அவனைக் கண்ணசர விடாதீங்க."

"நான் என்னங்க பேசுறது?"

"அந்த ஒயின் பாட்டையே பாடுங்க!"

மண்வெட்டி பட்டால் ஆளையே வெட்டிவிடும் என்பதால், எர்மீனியோ பலகை போட்டுப் படுத்து, விருந்துத் தட்டுகளால் மணலை அள்ளினான். பண்ணையாரும் வணிகர்களும் தட்டுகளைக் கைமாற்றினர்.

நான் தொடர்ந்தேன். வெள்ளையில் கடலுப்பின் சாயல் உண்டு. ஆகவே பூண்டிட்டு அவித்த மட்டிக்கு அது பொருந்தும். செஃபெரீனோவின் விரல்கள் ஒருமுறை இறுகின. சிவப்பு இளமையில் நாக்கைக் கவ்வும். பீப்பாயில் ஆண்டுகள் கழிந்தபின் புளிப்புச் செர்ரியும் பைன் பிசினும் மணக்கும். அடுப்பில் சுட்ட ஆட்டுக்குட்டிக்கு உகந்தது. மீண்டும் இறுகின. சுட்ட மத்திக்கு வெள்ளையே ஏற்றது என்றேன். நகங்கள் என் உள்ளங்கையில் பதிந்தன.

"மத்தின்னதும் கிள்ளுறார்" என்றேன்.

"கிள்ளுவான்! மத்திக்குச் சிவப்புன்னு என் கல்யாண வீட்டுலயே என்கூடக் கட்டிப் புரண்டவன் அவன். மச்சான், நீ சொன்னதே சரி, போதுமா? பிடியை விட்டுராத!"

உருவ முடியாத கால்கள் மரத்துக்கொண்டு வந்தன. கண்ணில் விழுந்த மணலைத் துடைக்க ஒரு கை இல்லை. சற்று நேரத்தில் அவருடைய விரல்கள் தளர்ந்தன. உப்பிட்ட மீனைச் சொன்னேன். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியைச் சொன்னேன். அசைவில்லை. மத்திக்கு வெள்ளைதான் என்று, என் வாழ்நாளில் முதன்முறையாக, ஒருவரிடம் கத்தினேன். அதற்கும் அசைவில்லை.

"எர்மீனியோ, கை விட்டுப்போச்சுங்க!"

அவன் தட்டை வேகமாக மணலில் இறக்கினான். தட்டு எதிலோ மோதி உடைந்தது. உடைந்த துண்டை எறிந்துவிட்டு, வெறுங்கையால் கூடையின் அடியைப் பிய்த்தான். உள்ளே நீலம் பாய்ந்த முகம். எர்மீனியோ அவர் வாயில் விரலை விட்டு மணலைத் தோண்டி எடுத்தான். கன்னத்தில் ஓங்கி அறைந்தான். செஃபெரீனோ இருமினார்.

"அடிச்சுட்டியாடா" என்றார்.

அவரது கால்களை வெளியே எடுக்க மாலைவரை ஆயிற்று.

இழந்தவை இவை. ஒரு கூடை. பண்ணையார் வீட்டுப் பீங்கானில் பெரும்பகுதி. அந்தக் குழியில் நட வைத்திருந்த கொடிகள்; கவனிக்க ஆளின்றி வேர் காய்ந்துபோயின. லிஸ்பன் வணிகர்களின் வாங்கும் வாக்குறுதி. செஃபெரீனோவின் இடது கால், முழங்காலுக்குக் கீழே; மணலின் பாரத்தில் அவருடைய மண்வெட்டியே அதில் இறங்கியிருந்தது.