வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகை

சின்ன அறைக்குள் பொம்மை ரயில் விட நினைக்கிறவன் முதலில் கை வைக்க வேண்டியது கதவில்தான் என்று நெவிலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. உள்பக்கமாகத் திறக்கிற கதவு ஒரு மூலையையே விழுங்கிவிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவே சர்ச்சுக்கும் கார் கழுவவும் போயிருந்தபோது, அவர் கீல்களைக் கழற்றிக் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டினார். இப்போது அது நடைவழிக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. அவர் மனைவி பெரில் பிடித்து நடக்கிற வாக்கர் அன்றைக்கே இரண்டு முறை அதில் இடித்தது. இனி மூடியே வைக்கிறேன் என்று நெவில் சொன்னார்.

இங்கிலாந்தின் டான்காஸ்டரில், மாடியில்லாத அந்தச் சின்ன வீட்டுக்கு அவர்கள் வந்ததே பெரிலுக்காகத்தான். நடுக்குவாதம் வந்த பிறகு அவளால் படியேற முடியவில்லை. பழைய வீட்டின் பரணில் இருந்த ரயிலை நெவில் பிரித்துப் பெட்டிகளில் கட்டி எடுத்து வந்தார். இங்கே அவருக்கு வாய்த்தது நடைவழிக் கடைசியில் இருந்த அறை. இஸ்திரிப் பலகையும் கிறிஸ்துமஸ் அலங்காரச் சாமானும் போட்டு வைக்கத்தான் அது லாயக்கு. ஒரு கட்டில் போட்டால் அதன்பிறகு சட்டை மாற்றக்கூட இடமிருக்காது. ஆனால் ரயில் பைத்தியங்களுக்கு இடம் சின்னதாக இருந்தால்தான் கை துறுதுறுக்கும். குளிர்காலம் முழுக்க அவர் திட்டம் போட்டார்.

சுவர்க் காகிதத்துக்கு அடியில் ஒட்டுகிற வெள்ளைக் காகிதச் சுருள் ஒன்றை வாங்கி வந்து தரையில் விரித்தார். நிஜ அளவிலேயே வரைந்து பார்ப்பது அவருடைய ரயில் சங்கத்தில் எல்லோருக்கும் வழக்கம். தண்டவாளம் பிரிகிற இடங்களுக்கு அச்சடித்த காகித வெட்டுகளை வைத்து நகர்த்தி நகர்த்தி, மண்டியிட்டே நாட்களைக் கழித்தார். ஒரே சுவரோரமாகப் போட்டால் வண்டி போய் முட்டி நிற்கும், பிறகு திரும்பி வரும். நெவிலுக்கு அது பிடிக்கவில்லை. வண்டி நிற்காமல் ஓட வேண்டும். அதற்கு நாலு சுவரையும் சுற்றி வர வேண்டும், வாசலையும் தாண்ட வேண்டும். வாசலுக்குக் குறுக்கே தூக்கி இறக்குகிற மாதிரி ஒரு பலகை, அதற்கொரு தாழ்ப்பாள், நடுவே ஒருத்தர் நிற்கிற அளவுக்கு ஒரு வெற்றிடம். அவர் அதற்குள் நின்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கை நாலு பக்கமும் எட்டியது. வெகுநாள் கழித்து அவருக்கு நிம்மதியாக இருந்தது.

சங்கத்து நண்பன் கீத் ஒரு மத்தியானம் வந்து பார்த்தான். பேருந்து டிப்போவில் நெவிலோடு வேலை பார்த்தவன், அப்போதிருந்தே வாய் ஓயாதவன்.

“பிரமாதம்டா! உள்ள போய்ப் பலகைய இறக்கித் தாழ்ப்பாள் போட்டுட்டேன்னு வை, ராஜாவே வந்து கூப்பிட்டாலும் ‘வண்டி வருது, அப்புறம் வா’ன்னு சொல்லிரலாம்.”

“ராஜா கெடக்கட்டும்,” என்றார் நெவில். “பெரிலாலகூட உள்ள வர முடியாது.”

இருவரும் சிரித்தார்கள். கீத் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அடுப்பங்கரைப் பக்கம் ஒரு கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. அதை எடுத்துக் கொடுக்க நெவில் எழுந்து போக வேண்டியிருந்தது.

மறுநாள் காலை அவர் அவளுக்குக் கஞ்சி ஊட்டி முடித்து, வாயைத் துடைத்து, ஸ்வெட்டர் பொத்தான்களைப் போட்டுவிட்டார். பெரில் வாக்கரைத் திருப்பிக்கொண்டு, “உன் ரயிலப் பாக்கணும்,” என்றாள். அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். வாக்கரின் ரப்பர் கால்கள் காகிதத்தின் மேல் ஏறி, வாசல் பலகைக்குப் போட்டிருந்த கோட்டைக் கடந்து, நடுவில் வந்து நின்றன. அவர் குளிர்காலமெல்லாம் அளந்து வைத்த அந்த வெற்றிடத்தில் வாக்கர் அடங்கவில்லை. இரண்டு கால்கள் அவர் வரைந்திருந்த சரக்குக் கிடங்கின் மேல் இருந்தன.

அவள் குனிய முடியாமல் கண்ணை மட்டும் ஓட்டிப் பார்த்தாள்.

“இதுல நான் எங்க நிக்கறது?”

“பலகையத் தூக்கிட்டு நீ உள்ள வரலாம் கண்ணு. கூப்பிட்டாப் போதும், நான் தூக்குவேன்.”

“தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?”

வாசலுக்கு நேரே, பென்சிலால் சின்னதாக, சுத்தமாக வரைந்திருந்தது. நெவில் அதையே பார்த்தார்.

“உள்பக்கம். எல்லாரும் அப்பிடித்தான் வெப்பாங்க. ஓட்டறவன் உள்ளதானே நிப்பான்.”

“ஆமா. உள்ளதான் நிப்பான்.”

அவருக்குக் காது சுட்டது. “மாத்திடறேன் பெரில். ஒரு சுவரோட நிறுத்திக்கிட்டாப் போச்சு. உனக்கு நாற்காலி போட்டுடலாம், ஜன்னல் பக்கமா.”

இப்போதெல்லாம் வார்த்தை அவளுக்கு மெதுவாகத்தான் வந்தது.

“நான் வேல பாத்த ஸ்கூல் சமையல்கட்டுல எனக்கு ஒரு குளிர் அறை இருந்துச்சே, ஞாபகமிருக்கா? சாப்பாட்டு நேரத்துல பசங்க போடற சத்தத்துல வெண்ணெய் எடுக்கறேன்னு உள்ள போயி கதவச் சாத்திக்குவேன். வெண்ணெய் எடுக்க எவ்வளவு நேரமாகும்? நான் பாட்டுக்கு நிப்பேன். பல்லு கிடுகிடுங்கும். இருந்தாலும் நிப்பேன்.” அவள் வாக்கரைத் திருப்பத் தொடங்கினாள். “உனக்கும் ஒண்ணு வேணும் நெவில். வெச்சுக்கோ.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். ஊட்டுகிறவன் யார், குளிப்பாட்டுகிறவன் யார், ராத்திரி புரட்டிப் படுக்க வைக்கிறவன் யார் என்று கேட்டிருப்பார். கேட்க வேண்டும் என்று பல நாளாக அவர் நெஞ்சுக்குள் இருந்ததுதான். அவள் இப்படி அந்த அறையையே அவர் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனதும் அவருக்கு எதைப் பிடித்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

அன்றைக்கே காகிதத்தைப் புரட்டிப் போட்டு மறுபக்கத்தில் ஒரே சுவருக்கான திட்டத்தை வரைந்தார். ஒரு சின்ன நிலையம், ஒரு கிடங்கு, ஒரு பாலம். ஜன்னலோரம் நாற்காலி. வாக்கர் திரும்புகிற இடத்தைக்கூட அளந்து விட்டார். எங்கேயாவது இடிக்கும், வளைவு அடங்காமல் போகும் என்று காத்திருந்தார். எதுவும் இடிக்கவில்லை. வெகு அழகாகப் பொருந்தியது. கீத் பார்த்தால் முந்தையதைவிட இதுதான் கெட்டிக்காரத்தனம் என்பான்.

நெவில் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் பெரில் உட்கார்ந்திருப்பாள். கை நடுங்கும். தண்ணீர் கேட்பாள். முகத்தைத் துடைக்க வேண்டும், மாத்திரை நேரம் பார்க்க வேண்டும். வண்டி போய் முட்டி நிற்கும், திரும்பி வரும். அவளை அவர் நேசித்தார், அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அந்த நாற்காலி அங்கே இருக்கக் கூடாது என்று தன் மனசு சொன்னதை அவர் தெளிவாகவே கேட்டார். வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே காகிதத்தைத் திரும்பவும் பழைய பக்கத்துக்குப் புரட்டினார். வாக்கரின் ரப்பர் கால்கள் பதிந்த தடம் வாசலிலிருந்து கிடங்கு வரை சாம்பல் நிறத்தில் தெரிந்தது. அழிரப்பரால் தேய்த்தார். கொஞ்சம் போனது, கொஞ்சம் போகவில்லை.

சனிக்கிழமை பிளைவுட் வந்து இறங்கியது. சட்டங்களை அறுத்துச் சுவரோரம் சாத்தி வைத்துவிட்டு, கடைசியாக ஒருமுறை சரிபார்க்க அவர் காகிதத்தின் நடுவே போய் நின்றார்.

“நெவில்,” என்று அடுப்பங்கரையிலிருந்து குரல் வந்தது. மெல்லிய குரல். கேட்கவில்லை என்று இருந்துவிட முடிகிற அளவுக்கு மெல்லியது. அவர் பேசாமல் நின்றார். அவள் மறுபடி கூப்பிடவில்லை.

பிறகு நடைவழியில் வாக்கரின் சத்தம் வந்தது. ஒரு தட்டு, ஓர் இழுப்பு, மறுபடி ஒரு தட்டு. வெகுநேரம் வந்துகொண்டே இருந்தது. கதவு திறந்துதான் இருந்தது. வாக்கரில் மாட்டியிருந்த தட்டில் ஒரு கோப்பை தேநீர், பாதிக்கு மேல் தட்டிலேயே சிந்தியிருந்தது. அவளாகவே போட்டிருக்கிறாள். எத்தனை மாதமாயிற்று அவள் கெட்டிலைத் தொட்டு.

வாக்கர் காகிதத்தின் விளிம்பில் வந்து நின்றது. ரப்பர் கால்கள் பென்சில் கோட்டைத் தொடவில்லை.

“வண்டி வருதா?” என்றாள் பெரில். “அப்புறம் வரட்டுமா?”

உள்ள வா, வெறும் காகிதந்தானே என்று சொல்ல அவர் வாயெடுத்தார். அவள் கோப்பையைத் தூக்க முயன்று, முடியாமல், அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். நெவில் வாசலுக்கு வந்தார். பலகை வரப்போகும் இடத்துக்கு உள்பக்கமே நின்று, அது வரப்போகும் உயரத்துக்கு மேலாகக் கைகளைத் தூக்கி, எதிலும் இடிக்காமல் எட்டிக் கோப்பையை வாங்கிக்கொண்டார்.